ஆர்கான் மாமா

என் பெரியம்மாவை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும். அவள் வேதியியல் டீச்சர். ஊரே மெச்சும் டீச்சர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாடத்தைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிட்டு வரத் தெரியாது. முத்தையாபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்த எல்லோருக்கும் தனிமங்களின் பெயர்தான். ஓரிடத்தில் நிற்காத என் தம்பி பாதரசம். நான் பாஸ்பரஸ், காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்வேனாம். அது ஓரளவு உண்மைதான்.

அவளுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே தம்பியான மாமாவுக்கு வைத்த பெயர் ஆர்கான். அது எதோடும் சேராத வாயு, அதனால்தான் கிரேக்க மொழியில் சோம்பேறி என்று அர்த்தம் வருகிற பெயரை அதற்கு வைத்தார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் விளக்குவாள். எல்லோரும் சிரிப்பார்கள். மாமாவும் சிரிப்பார், அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சோம்பேறியாம். பக்கவாதத்தில் விழுந்துவிட்ட தாத்தாவைத் துடைத்து உடுத்திவிடுவது மாமா. முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது மாமா. அதற்காகவே கோயம்புத்தூரில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்தவர். சம்பளம் வராத காரணத்தால் எங்கள் வீட்டில் அதற்குச் சும்மா இருப்பது என்று பெயர்.

அந்த நேரத்தில் மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் ஒரே மகள். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அங்கேயே தங்கிக் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. மாமா புதுச் சட்டை எடுத்தார். கண்ணாடி முன்னால் அவர் அத்தனை நேரம் நின்று நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பெண்ணின் அப்பாவும் சித்தப்பாவும் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏலே ஆர்கான், அண்ணாச்சிமாருக்குக் காப்பி கொண்டா" என்றாள்.

"அது என்ன பேரு டீச்சர்?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"வீட்டுல கூப்பிடுத பேரு அண்ணாச்சி. சோம்பேறின்னு அர்த்தம். அந்த வாயு யாரு கூடயும் சேராது, அது பாட்டுக்குச் சும்மா கெடக்கும்."

மாமா காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். வந்தவர்கள் சிரித்தார்கள், குடித்தார்கள், ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார்கள். மறுநாள் போன் வந்தது. பிள்ளைக்கு இப்போது கல்யாணம் வேண்டாமாம்.

"உங்களாலதான் போச்சு" என்று பெரியம்மாவின் முகத்துக்கு நேரே கத்தினேன். அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். "வாய் தவறி வந்துட்டுளா, விடு" என்ற பெரியம்மா, தாத்தாவுக்குக் கஞ்சி கொடுக்க நேரமாகிவிட்டது என்று மாமாவைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து போனார்.

அவளுக்கு ஓட்டை வாய் என்றுதான் அப்போது நினைத்தேன். அதற்காகவே அவளோடு வெகுநாள் பேசவில்லை. சில வருஷம் கழித்துத் தாத்தாவை அடக்கம் செய்த அதே வாரம், "இனியாவது ஒரு வேலையைத் தேடுலே, எத்தன நாளு சும்மா இருப்ப" என்று மாமாவிடம் அவள் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. மாமா சாத்தான்குளம் போயிருந்தால் தாத்தாவைப் புரட்டிப் படுக்க வைக்க ஆள் ஏது? பெரியம்மாவுக்கு வாய் தவறவில்லை. என் அம்மாவுக்கும் அது தெரியும்.