அஞ்சு மாச ஆடி

தை மாதம் கல்யாணம். வைகாசியில் மாப்பிள்ளை ரயிலேறிவிட்டான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகள் அவை. தாம்பரத்து ஏகநாதனுக்கு அங்கே ஒரு கம்பெனியில் ரிப்பேர் வேலை. காற்றுக் காலம் முடிகிற புரட்டாசிக் கடைசி வரைக்கும் லீவு என்ற பேச்சே கிடையாது.

அவன் மனைவி ஜெயக்கொடிக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு எஸ்டிடி பூத்தில் வேலை. நாள் முழுக்க ஊராருக்கு நம்பர் போட்டுக் கொடுப்பாள். துபாய்க்குப் பேசி அழுகிறவர்களையும் மதுரைக்குப் பேசிச் சண்டை போடுகிறவர்களையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் மட்டும் அந்த போன் அவளுக்காக அடிக்கும்.

"எப்ப வரீங்க?" என்று கேட்கமாட்டாள். கேட்டால் அவன் குரல் இறங்கிவிடும். "அங்க காத்து எப்படி கீது?" என்பாள். "பிச்சிக்கினு அடிக்குது" என்று அவன் உற்சாகமாகச் சொன்னால், இந்த வாரமும் இல்லை என்று அர்த்தம்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை அழைத்துப்போகக் கேளம்பாக்கத்திலிருந்து அம்மா அஞ்சம்மாள் சீர்த்தட்டோடு வந்து நின்றாள். ஆடியில் புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் இருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்குமே என்ற பயம்.

"நாங்க எங்கம்மா ஒண்ணா கீறோம்? எனக்கு வைகாசியிலயே ஆடி பொறந்துடுச்சி. மொத்தம் அஞ்சு மாசம்."

"ஊரு வாயில விழணுமா? கெளம்புடி."

மாமியாரும் தலையாட்டினாள். பூத் முதலாளி தேவானந்தம் லீவு கொடுத்தார். அம்மா வீட்டில் எல்லாம் இருந்தது, போன் மட்டும் இல்லை. அவன் கூப்பிடுவது பூத்துக்குத்தான்.

ஞாயிறு வந்தது. அம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாள். அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், தாம்பரம் போய்விட்டு வருகிறேன் என்றாள்.

"ஆடியில புருஷன் ஊருக்கா போவ?"

"புருஷன் அங்க இல்லம்மா, டெலிபோன்தான் கீது. டெலிபோனால சித்திரையில புள்ள பொறக்காது."

சொம்போடு நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அஞ்சம்மாளுக்கும் அடக்க முடியவில்லை. "இருட்டறதுக்குள்ள வந்து சேரு" என்றாள்.

பூத்தில் தேவானந்தம் நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, லீவு குடுத்தா கடைக்கு வர்ற ஆளை இப்பத்தான் பாக்கறேன்."

அவள் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் போன் அடித்தது.

"காத்து எப்படி கீது?"

"காத்துக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. வெளி லைன்ல கரண்ட் போயிடுச்சி. மத்தியானத்திலேர்ந்து மெஷின் அத்தினியும் சும்மா நிக்குது."

"கரண்ட் செய்யற மெஷினுக்கே கரண்ட் வேணுமா?"

"ஆமா. லைன்ல கரண்ட் இருந்தாத்தான் அதோட சேர்ந்து ஓடும். தனியா ஓடாது. எவ்ளோ காத்தடிச்சாலும் பிரேக் போட்டு நின்னுக்கும்."

அவள் போன் ஒயரை விரலில் சுற்றினாள். "பாவம்" என்றாள். எதைச் சொல்கிறாய் என்று அவன் கேட்கவில்லை.

"சும்மாதானே நிக்குது. ஒரு நாள் வந்துட்டுப் போங்களேன்." இத்தனை வாரம் விழுங்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

அந்தப் பக்கம் கதவில்லாத பூத் போலிருக்கிறது. காற்று இரைந்தது. "எனக்கும்தான் ஜெயா..." என்றான். மீதியைக் காற்று கொண்டுபோய்விட்டது.

"கேக்கல. இன்னா சொன்னீங்க?"

"ஒரே காத்து. வெச்சிட்டு அப்புறம் பண்ணட்டா?"

"வெக்காதீங்க. அப்படியே புடிச்சிக்கினு இருங்க."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தி அந்தக் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தேவானந்தம் எட்டிப் பார்த்தார். "லைன்ல ஆளு கீதா, வெறும் காத்தா?"

"ரெண்டும் கீதுண்ணா."

திடீரென்று தூரத்தில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். "கரண்ட் வந்துடுச்சி, ஓடறேன்" என்றான். அதோடு போன் கட்டாகிவிட்டது. வெளியே காத்திருந்த ஆள் கண்ணாடியைத் தட்டும் வரை அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தபோது, அம்மா அவளுக்கென்று கூழ் எடுத்து மூடி வைத்திருந்தாள்.

"மாப்ள இன்னா சொன்னாரு?"

"எனக்கும்தான்னாரு."

"எனக்கும்தான்னா? இன்னாடி அது?"

"அவ்ளோதாம்மா கேட்டுச்சி" என்று சொம்பை வாங்கிக்கொண்டாள்.