குப்பியின் பக்கவாட்டில் ஒட்டிய காகிதம்

எங்கள் வீட்டில் கண்ணாடி பாட்டில் என்றால் அது கழுவ வேண்டிய சாமான். தாராவியில் அப்பா மூட்டை இறக்கிய பங்கார் கிடங்கில்தான் அம்மாவுக்கும் வேலை. பங்கார் என்றால் காயலான் சாமான்; ஊரில் கழித்துப் போட்டதெல்லாம் கடைசியில் அங்கே வந்து சேரும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டில்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு, லேபிளைச் சுரண்டி, நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். லேபிள் துணுக்கு ஒட்டியிருந்தால்கூட அந்த பாட்டிலை முதலாளி சேட்டு காலால் ஒதுக்கிவிடுவார். பள்ளி விட்டதும் நான் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். சுரண்டுகிற சத்தம் இல்லாவிட்டால் எனக்குப் படிப்பு ஓடாது.

அப்படி வந்த ஒரு மூட்டையிலிருந்துதான் அந்தக் குப்பியை அப்பா எடுத்து வந்தார். லேசான கடல் நிறம். கழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். கண்ணாடிக்குள்ளேயே அரிசி அளவில் ஒரு காற்றுக்குமிழி. எங்கள் தெரு டாக்டரிடம் மருந்துக்குப் போனால் பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். எனக்கு அடிக்கடி காய்ச்சல் வந்ததால் குப்பிக்கும் அடிக்கடி வேலை இருந்தது. கம்பவுண்டர் அதில் இளஞ்சிவப்பு மருந்தை ஊற்றி, ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய ஒரு காகிதத்தைப் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு வேளைக்கு ஒரு பல். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. அந்தக் காகிதம் மட்டும் தெரியும். அப்பா குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, பல்லின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொண்டே மருந்தைச் சரிப்பார். நகத்துக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கவிடமாட்டார்.

நான் படித்து முடித்து, செம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அப்பா இல்லை. குப்பி பரணில் கிடந்தது. பழைய கண்ணாடியைப் பற்றி எங்கோ படித்துவிட்டு ஒருநாள் அதை இறக்கித் தடவிப் பார்த்தேன். அச்சின் கோடு கழுத்துக்குக் கீழேயே நின்றுவிட்டிருந்தது. வாய் விளிம்பு கையால் வைத்தது, ஒரு பக்கம் தடிப்பு. அடியில், விளிம்பு வைக்கும்போது தாங்கிய கம்பியை ஒடித்து எடுத்த வடு. யாரோ ஒரு மனிதர் வாயால் ஊதிச் செய்த குப்பி. பக்கத்தில் அந்தக் காகிதம் பழுப்பேறி அப்படியே இருந்தது, அதன் குறுக்கே மங்கலாக ஒரு நீலக் கோடு.

அதிலிருந்துதான் இதுபோன்ற பழைய குப்பிகளைத் தேட ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காவில் இடிக்கப்போகிற பழைய கட்டடங்களுக்குப் போய் நிற்பேன். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டிருந்த ஒரு மாமி, தைலக்குப்பி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: “இது எதுக்குப்பா நோக்கு? மணி ப்ளாண்ட் வைக்கவா?” ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால் நேரமாகும். பரணில் தகர டப்பாக்களுக்கு இடமில்லாமல் போனது.

போன வருடம் செம்பூரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தோம். லிப்ட் உள்ள கட்டடம். சாமான் கட்டும்போது அம்மா பரணைக் காட்டினாள்.

“ஏல, இத எங்க கொண்டுவார?”

“அங்கதாம்மா. இது குப்ப இல்ல, ரொம்பப் பழசு.”

“குப்பன்னா பழசாத்தாம்ல இருக்கும். இதுலேருந்து ஒன்னத் தூக்கிவிடத்தான இம்புட்டுப் பாடு. நீ அதயே டெம்போல ஏத்துதேங்க. பில்டிங்காரி ஒருத்தி எட்டிப் பாத்தா போதும், பங்கார்க்காரி வீடுன்னு கண்டுபுடிச்சிருவா.”

அம்மா கிடங்கு வேலையை விட்ட பிறகும் அவள் விரல் நகங்கள் வளரவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த ஒரு குப்பியையாவது கொண்டுபோகாமல் என்னால் வர முடியாது.

கிளம்புவதற்கு முந்தின நாள் வேலை முடிந்து வந்தேன். வாசலில் ஈரச் சாக்கின் மேல் குப்பிகள் எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அப்படி ஒரு பளபளப்பை நான் அவற்றில் பார்த்ததே இல்லை.

“தொலையிது, கொண்டுவா. ஆனா அழுக்கோட வரப்படாது, அதான் மூஞ்சியக் கழுவி விட்டுருக்கேன்” என்றாள் அம்மா.

கடல் நிறக் குப்பியை எடுத்தேன். பக்கவாட்டில் ஒன்றும் இல்லை.

“இதுல ஒரு பேப்பர் இருந்துச்சேம்மா.”

“சுரண்டிட்டேன். லேபிளோட எவனாச்சும் பாட்டில எடுத்து வைப்பானா?”

வாளித் தண்ணீரில் கையை விட்டேன். கூழ்தான் வந்தது. “லேபிள் இல்லம்மா. கம்பவுண்டர் ஒட்டுனது. அப்பா நகத்த வச்சுப் பிடிப்பாருல்லா, அது.”

அம்மா முகம் சுருங்கியது. குப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

“கம்பவுண்டர் ஒட்டுனதா? அவன் பசை வீடு வந்து சேருமுன்ன உரிஞ்சிரும். இது நான் வெட்டுனதுல்லா. அவன் வெட்டுனத மேல வச்சுப் பாத்து, ஒன் கோடு போட்ட நோட்டுலேருந்து கிழிச்சு. சோத்த வச்சு ஒட்டுனேன். அதான் இத்தன வருசம் நின்னுருக்கு.”

நீலக் கோடு எனக்கு அப்போதுதான் புரிந்தது. விரலில் ஒட்டியிருந்த கூழைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்னல முழிக்க? ஒரு பேப்பர் கொண்டா.”

கட்டிவைத்த அட்டைப்பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து, பழைய கல்லூரி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அம்மா அதை நீளவாக்கில் கத்தரித்து, மடித்து, மறுபடி மடித்து, முனையை ஒரு கிள்ளு வெட்டிப் பிரித்தாள். ஓரம் முழுக்கப் பல். சட்டியிலிருந்து இரண்டு பருக்கையை நசுக்கி ஒட்டிவிட்டு, முதல் பல்லின் மேல் கட்டைவிரலை வைத்துக் குப்பியை வெளிச்சத்துக்குத் தூக்கினாள். அதில் நகமே இல்லை. “ஒங்கப்பா இப்பிடித்தான?” என்றாள். இப்படித்தான்.

மற்றவை டெம்போவில் போயின. அந்தக் குப்பி டாக்சியில் அம்மா மடியில் வந்தது.

செம்பூர் வீட்டில் அதை அடுப்படி ஜன்னலில் வைத்தவளும் அவள்தான். முதல் வாரமே எதிர்வீட்டுக்காரம்மா சர்க்கரை கேட்டு வந்தார். குப்பியைப் பார்த்து, அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்று இந்தியில் கேட்டார். நான் உள் அறையில் இருந்தேன். சர்க்கரை டப்பாவை மூடுகிற சத்தம் வந்தது.

“பங்கார்ல வந்தது” என்று தன்னுடைய இந்தியில் அம்மா சொல்வது கேட்டது. “நாங்க அங்கதான் வேல பாத்தோம். உக்காருங்க, சொல்லுதேன்.”