நாலு கிலோமீட்டரும் ஒரு கதவும்

மூன்று வாரத்துக்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மீசையில் பாதிக்குச் சாயம் ஏறியாகிவிட்டது. மீதிப் பாதி வெள்ளை. அந்த நேரம் பார்த்து செல்போன் சிணுங்கியது.

எடுத்துப் பார்த்தேன். என் கிரெடிட் கார்டிலிருந்து நியூசிலாந்து டாலரில் ஒரு தொகை போயிருந்தது. சின்னத் தொகை இல்லை... நல்ல கறவை மாடு ஒன்றும் அதற்கு ஒரு வருடத் தீவனமும் வாங்கலாம்.

"என்ன அண்ணாச்சி, எதுவும் கெட்ட சேதியா?" என்றார் கடைக்காரர், பிரஷ்ஷை அந்தரத்தில் நிறுத்தி.

"பணம் போயிருச்சு."

"அட, அம்புட்டுதானா! மூஞ்சிய ஆட்டாதீய. சாயம் கன்னத்துல எறங்கிரும்."

இறங்கிவிட்டது. ஒரு வாரத்துக்கு வலது கன்னத்தில் கறுப்புத் திட்டோடு அலைந்தேன். அது தனிக் கதை.

விஷயம் இதுதான். அதற்கு முந்தின மாதம் நானும் என் மனைவியும் அவளுடைய அண்ணனும் நியூசிலாந்து போயிருந்தோம். மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட். அங்கே நாலு நாள் ஊர் சுற்ற ஒரு கார் வாடகைக்கு எடுத்தோம். அந்தக் காரின் பின் பம்பர் இடது மூலையில் உடைந்திருக்கிறது, நீங்கள் அதைச் சொல்லாமலே விட்டுப் போயிருக்கிறீர்கள் — இது கார் கம்பெனியின் மெயில். கூடவே ஒரு பில், ஒரு படம். பம்பர் உதடு கிழிந்த மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

வெளிநாட்டில் கார் வாடகைக்கு எடுத்திருக்கிறீர்களா? அங்கே வாடகை என்பது வாசல்படி மட்டும்தான். உள்ளே போகப் போக அறைகள் திறந்துகொண்டே இருக்கும். டெபாசிட் என்று கார்டில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். இன்சூரன்ஸ் உண்டு என்பார்கள். ஆனால், அடிபட்டால் முதலில் இவ்வளவு தொகை நம் தலையில்தான். அதுவும் நம் தலையில் விழாமல் இருக்க, தினப்படி ஒரு தனிக் கட்டணம். டோல் கட்ட மறந்தால் டோல் பணம். கூடவே, மறந்துவிட்டீர்கள் என்று நமக்குத் தெரிவித்ததற்கும் ஒரு கட்டணம்!

அந்தத் தினப்படிக் கட்டணத்தை கவுன்ட்டரில் இருந்த பெண் மூன்று தடவை பொறுமையாக விளக்கினாள். நான் மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே ‘நோ தேங்க்ஸ்’ என்றேன். விவரமான ஆள் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா? வெளியே வந்து மனைவியிடம், "எப்படி மிச்சம் பிடித்தேன், பார்த்தாயா?" என்று வேறு கேட்டேன். அந்த மிச்சம்தான் இப்போது மாடும் தீவனமுமாகப் போய்விட்டது.

காரை ஓட்டியது நானில்லை. எனக்கு ஓட்ட வராது. லைசென்ஸுக்காக எட்டுப் போடச் சொன்ன இடத்தில் பூஜ்யம் போட்டவன் நான். ஓட்டியது மச்சான் கருப்பசாமி. ராணுவத்தில் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம் என்று இருக்கிற பனி ரோடுகளில் இருபது வருடத்துக்கு மேல் ஓட்டியவர். ஒரு கீறல் கிடையாது.

போன பணம் போகட்டும், மச்சானிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். சண்டை போடுகிற அளவுக்கு என்னிடம் இங்கிலீஷும் இல்லை. ஆனால், நான் மீசையை முடித்துக்கொண்டு வீடு வருவதற்குள் மனைவி போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சாயங்காலமே வன்னியம்பட்டியிலிருந்து மச்சான் வந்துவிட்டார். பஸ்ஸில். எப்போதும் தன் காரில் வருகிறவர்.

"கார் எங்க மச்சான்?"

"சாவிய மகன்கிட்ட குடுத்துட்டேன். நான் இடிச்சேன்னு ஒருத்தன் எழுதி அனுப்பியிருக்கான்ல? இல்லைன்னு அவனே எழுதுற வரைக்கும் ஸ்டீயரிங்கத் தொட மாட்டேன்."

"விடுங்க மச்சான், போனது என் காசுதான."

"காசு உங்களுது மாப்ள. பேரு என்னுது."

பில்லை நீட்டினேன். நான் அதை நாற்பது தடவை படித்திருந்தேன், ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் இருந்த தொகையை மட்டும். அவர் தொகையைப் பார்க்கவே இல்லை. விரலை மேலிருந்து இறக்கிக்கொண்டே வந்து ஓர் ஓரத்தில் நிறுத்தினார். பிறகு பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார்.

அந்த நோட்டு எனக்குத் தெரியும். நியூசிலாந்தில் அதைப் பார்த்துத்தான் நான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் மனிதர் காரை ஒரு சுற்று சுற்றுவார். முட்டிபோட்டு அடியில் பார்ப்பார். டயரில் மாட்டிய கல்லை நோண்டி எடுப்பார். பிறகு எழுதுவார். ராணுவத்தில் வண்டி எடுக்குமுன் அப்படித்தானாம். ஹோட்டல் வாசலில் வெள்ளைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் நாலடி தள்ளி நின்று, வேறு யாருடனோ வந்தவன் போல மேகத்தைப் பார்ப்பேன்.

எங்கள் ஊர் மலையைத் தினமும் பார்த்து வளர்ந்தவன்தான் நான். ஆனாலும் அங்கே ஏரிக்கு அந்தப் பக்கம் பனிமலை எழுந்து நின்றபோது நானும் மனைவியும் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த நாளைப் பற்றி மச்சானின் நோட்டில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘ஏரி. ரோடு நன்று. வலது முன் டயர் காற்று சரி.’

கடைசி நாள் அதிகாலை விமானம். கார் கம்பெனி ஆபீஸில் ஆள் இல்லை. சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகச் சொல்லி அறிவிப்பு. மச்சானுக்கு அது பிடிக்கவே இல்லை. "வாங்கிக்கிட ஆளில்லாம வண்டிய விட்டுட்டுப் போறதா?" என்று முணுமுணுத்தார். நாலு மூலையையும் படம் எடுக்கச் சொன்னார். நானும் எடுத்தேன். என்னை நானே. இப்போது தேடிப் பார்த்தால் பின்பக்கத்துக்கு ஒரே ஒரு படம். பம்பரின் இடது மூலை இருக்க வேண்டிய இடத்தில் என் தொப்பை இருக்கிறது.

"நோட்டுல இருக்குறத இங்கிலீஷுல ஒரு சீட்டுல எழுதி சாவியோட போடுங்க மாப்ள" என்றும் சொன்னார். நோட்டை யார் பிரித்துப் படிப்பது? ‘வெரி நைஸ் கார், தேங்க் யூ’ என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

அந்த நோட்டைத்தான் இப்போது மச்சான் என் முன்னால் விரித்தார்.

"கடைசியா நான் வண்டிய நிப்பாட்டுறப்ப மீட்டர்ல இருந்தது இந்தா இருக்கு. அவிய பரிசோதிச்சப்ப இருந்தது பில்லுல இருக்கு. கழிச்சுப் பாருங்க."

கழித்தேன். நாலு.

"நிப்பாட்டுன வண்டி நாலு கிலோமீட்டர் எப்படிப் போகும்? நாம போன பொறவு எவனோ எடுத்து ஓட்டியிருக்கான். அவன் இடிச்சிருக்கான். வண்டி எங்கெங்க போச்சுன்னு காட்டுற கருவி அவிய காருலயே இருக்குமே, அதப் பாக்கச் சொல்லுங்க."

ஆறாயிரம் பேர் படித்தாலும் கண்ணில் படாத ஓர் எண். அதை ஒரு வாழைப்பழத்தை உரிக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிட்டு, மனிதர் தண்ணீர் கேட்கிறார்!

உடனே கார் கம்பெனிக்கு அனுப்ப அந்த நோட்டை மொழிபெயர்க்க உட்கார்ந்தேன். முதல் நாள் குறிப்பு முடிந்தது. இரண்டாம் நாள் முடிந்தது. மூன்றாம் நாளில் ஒரு வரி.

‘மாப்பிள்ளை இறங்கும்போது கதவு கல்லில் இடித்தது. இடது பின் கதவு விளிம்பு. ஒரு விரல் நீளக் கீறல்.’

உண்மைதான். ரோட்டோரம் ஆட்டு மந்தையைப் பார்த்த ஆவேசத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். டங் என்று ஒரு சத்தம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். பார்த்திருக்கிறார். எழுதியிருக்கிறார். இத்தனை நாளில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மச்சான்..." குரலைத் தாழ்த்தினேன். "இந்தக் கீறல அவிய பாக்கவே இல்ல. அவியளுக்குத் தமிழும் தெரியாது. இந்த ஒரு வரிய மட்டும் விட்டுட்டு எழுதிருவோமா?"

"அவியளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?"

மனைவி எனக்காக வந்தாள். அதிசயம்! "அண்ணே, அவன் கேக்காததுக்கு நாம ஏண்ணே பதில் சொல்லணும்?"

"ஏட்டி, நான் எழுதுனது நெசம்னு சொல்லித்தான அனுப்புறோம்? இதுல ஒரு வரி மட்டும் நெசம் இல்லையா? இடிக்காதத இடிச்சேன்னு சொன்னாலும் தப்பு. இடிச்சத இல்லைன்னாலும் தப்பு. எழுதுங்க மாப்ள."

எழுதினேன். ‘மாப்பிள்ளை’ என்பதை மட்டும் ‘ஒரு பயணி’ என்று மாற்றினேன். அதற்கு அனுமதி கொடுத்தார்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த ஒன்பது நாளும் மச்சான் பஸ்ஸில்தான் போனார், வந்தார். பதில் வந்ததும் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்துத் தமிழில் சொன்னேன்.

காரைக் கழுவக் கொண்டுபோன அவர்களுடைய ஊழியரே இடித்திருக்கிறார். கருவி காட்டிவிட்டது. பணம் முழுவதும் திரும்ப வரும். மன்னிக்கவும். கதவுக் கீறலை நீங்கள் சொன்ன பிறகுதான் பார்த்தோம். அதற்குப் பெயின்ட் செலவு மட்டும் பிடித்துக்கொள்கிறோம். கடைசியாக: வண்டி ஓட்டியவருக்கு எங்கள் மரியாதையைத் தெரிவிக்கவும்.

"அந்தக் கடைசி வரிய இன்னொருக்க சொல்லுங்க."

சொன்னேன். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் அவ்வளவு அழுக்கு இருந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. பிறகு மகனுக்குப் போன் போட்டார். "ஏலே, கார் சாவிய எடுத்து வையி. வாரேன்."

என் வாழ்க்கையில் நான் முழு மனதோடு கொடுத்த ஒரே அபராதம் அந்தப் பெயின்ட் காசுதான்.

வெளிநாட்டில் கார் எடுக்கப் போகிறவர்களே... அந்தத் தினப்படிக் கட்டணத்தைக் கட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. எடுக்கும்போதும் விடும்போதும் கிலோமீட்டரை எழுதி வையுங்கள். படம் எடுக்கும்போது தொப்பையைத் தள்ளி வையுங்கள். மச்சான் இருந்தால் அழைத்துப் போங்கள்.

போன சனிக்கிழமை மச்சான் எங்களைத் தன் காரில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, மலைமேல் இருக்கிற பெருமாளைப் பார்க்கக் கூட்டிப் போனார். அடிவாரத்தில் வண்டி நின்றது. இறங்கலாம் என்று கதவின் கைப்பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. தள்ளினேன். அசையவில்லை. மச்சான் நிதானமாகச் சுற்றி வந்து வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

நான் உட்காரும் பக்கத்துக்கு மட்டும் சைல்டு லாக் போட்டிருக்கிறாராம்!