இருவரும் சேர்ந்து போன முகூர்த்தம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொன்னால் நான் நல்லவனாகத் தெரிவேன்.

எனக்குக் கீழே வேலை பார்த்த நண்பருக்கு ஒரே பெண். நான்கு வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். பயிற்சிக்காகச் சென்னைக்கு வாரம் மூன்று நாள் அழைத்துப் போகவேண்டும். ரயில் கூட்டத்தில் ஒருவரால் அவளைச் சமாளிக்க முடியாது. மதியத்துக்குமேல் தானும் கூடப் போகும்படி தனக்கு நிரந்தரமாக முதல் ஷிப்ட் வேண்டும் என்று நண்பர் எழுதிக் கொடுத்தார். அவருடைய நைட் ஷிப்டைப் பார்க்க இரண்டு பேர் தயாராகவும் இருந்தார்கள். "உனக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்கய்யா" என்று சொல்லி மறுத்தேன். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். போடவில்லை. அதே வாரம் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பார்க்கும் பெங்களூர் டாக்டர் ஒருவரைப் பற்றிய செய்தியைப் பத்திரிகையிலிருந்து பிசிறில்லாமல் வெட்டி அவரிடம் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்ட நிறைவோடு அன்று வீட்டுக்குப் போனேன்.

பயிற்சி ஆறு மாதத்தில் நின்றுபோனது. அதன்பின் கணவனும் மனைவியும் வீட்டிலேயே ஷிப்ட் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் வந்தால் மற்றவர் வெளியே போவார். கல்யாணம் என்றால் முந்தின மாலை ரிசப்ஷனுக்கு அவர், காலை முகூர்த்தத்துக்கு மனைவி. என் மகன் கல்யாணத்தில் மேடையேறி வந்த அந்த அம்மாவிடம், "ஏம்மா, ரெண்டு பேரும் ஒரே வீட்டுலதான் இருக்கீங்களா?" என்று எல்லாரும் கேட்கும்படி கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

நானும் நண்பரும் ஓய்வு பெற்றாகிவிட்டது. நான் கவரைப்பேட்டையில் இருக்கிறேன், அவர்கள் கும்மிடிப்பூண்டியிலேயே. போன தை மாதம் கும்மிடிப்பூண்டி பஜாரில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தங்கை மகளுக்குக் கல்யாணம் என்றார். "பெரிம்மாவும் பெரிப்பாவும் ஒண்ணா நின்னு அட்சதை போடணும்னு அந்தப் பொண்ணு அழுவுது சார். எங்க நடக்குது. வழக்கம்போலதான்."

"நான் பாப்பாவைப் பார்த்துக்கறேன்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்தது எனக்கே ஆச்சரியம்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது உங்க மெஷின் இல்ல சார், சுச்சு போட்டா ஓடறதுக்கு."

"கத்துக்கறேம்மா."

"இன்னா, இப்பவா?"

இப்போதுதான். இரண்டு மாதம் செவ்வாய், வியாழன், சனி என்று ரயிலேறிப் போனேன். எழுபத்தொரு வயதில் புது வேலையில் சேர்ந்தவனைப்போல எனக்குள் ஒரே பரபரப்பு. பாப்பாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. பின்னாலிருந்து அவள் பக்கத்தில் வரக்கூடாது. மிக்ஸி போடுமுன் அவளுக்குக் காட்டிவிட்டுத்தான் போடவேண்டும். இட்லியை உதிர்த்து வைக்கவேண்டும், சாம்பார் அதன்மேல் படக்கூடாது. துணி கிளிப்புகளை நிறம் பிரித்துக் கொடியில் மாட்டுவது அவளுக்குப் பிடிக்கும். தப்பான நிறத்தை நீட்டினால் என் கையைத் தட்டிவிடுவாள். முதல் வாரம் என்னைக் கண்டதும் அறைக்கதவைச் சாத்தினாள். மூன்றாவது வாரம் பக்கத்தில் உட்கார விட்டாள். அவள் அம்மா முதலில் மாடிக்குப் போய் நின்றார், பிறகு தெருமுனைக் கடைக்கு, பிறகு ரேஷன் கடைக்கு. ரேஷன் கடையில் வரிசை நீண்டு ஒன்றரை மணி நேரம் ஆனது. பாப்பா அழவில்லை. அன்று ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் வலியப் போய் இதைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். நான் ஆறு மணிக்கே போய்விட்டேன். பக்கத்திலேயே இருந்த மண்டபத்துக்கு ஏழரைக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். பட்டுப்புடவையும் பட்டுவேட்டியுமாக இருவரையும் சேர்ந்து பார்ப்பது எனக்கே அதுதான் முதல் தடவை. பாப்பா வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிளிப் கூடையை என் பக்கம் தள்ளினாள்.

எட்டரைக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் நண்பர் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார்.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சார். முதல் பந்தியில நாஷ்டா முடிச்சேன். அப்படியே கிளம்பி வந்துட்டேன். அவ இருந்து பாத்துக்கினு வருவா."

"தாலி கட்டலியா இன்னும்?"

"இல்ல." அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. "பழக்கம் சார். சாப்ட்டதும் காலு தானா ஊட்டுப் பக்கம் திரும்பிடுச்சு."

திருப்பி அனுப்பலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் பாப்பா எழுந்து வந்தாள். வாசலுக்குப் போய் என் செருப்பை எடுத்துவந்து என் காலடியில் வைத்தாள். இந்த இரண்டு மாதமும் அவள் அம்மா திரும்பியதும் நான் கிளம்பிவிடுவேன். ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போகவேண்டும். அவள் கண்ட உலகம் அது. நான் நகராமல் நின்றேன். அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. மணிக்கட்டைக் கடிக்கத் தொடங்கினாள்.

"இனி உடமாட்டா சார். நீங்க போங்க, நான் இருக்கேன்" என்றார் நண்பர். கொஞ்சமும் வருத்தமில்லாமல் சொன்னார். "தலையைக் காட்டியாச்சு, போதும்."

அந்தப் 'போதும்'தான் எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் வந்த ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. "கிளம்பிடாதப்பா, ஒரு சவாரி இருக்கு" என்று நிறுத்தினேன். தெருக்கோடி வரை வேகமாக நடந்தேன், திரும்பினேன். மூச்சு வாங்கியது. கதவைத் தட்டினேன்.

பாப்பா திறந்தாள். என்னைப் பார்த்தாள். உள்ளே நின்ற அப்பாவைப் பார்த்தாள். இப்போது நான் வந்தவன். போய் அவருடைய செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தாள்.

நண்பர் செருப்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாய்யா பாக்குற? உன் ஷிப்ட் முடிஞ்சுது, கிளம்பு."

"சார், நீங்க எப்படி…"

"மணி எட்டேமுக்கால். ஓடு."

ஓடினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபத்தெட்டு வயது மனிதர் ஆட்டோவுக்கு ஓடியதை எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து பார்த்தார். நான் உள்ளே வந்து கிளிப் கூடையின் முன் உட்கார்ந்தேன். அவர் நேரத்துக்குப் போய்ச் சேருவாரா என்ற நினைப்பில் மஞ்சளுக்குப் பதில் பச்சையை நீட்டி, பாப்பாவிடம் ஓர் அடி வாங்கினேன்.

ஒரு மணிக்கு இருவரும் சேர்ந்து வந்து இறங்கினார்கள். அந்த அம்மா வாசலிலேயே போனை நீட்டினார். மணமக்களுக்குப் பக்கத்தில் இருவரும், கையில் அட்சதையோடு. அவர் வேட்டி மடித்துக் கட்டியபடியே இருந்தது. "இனிமே இவரு தனியா வந்து தட்டினா கதவத் தொறக்காதீங்க சார். மாப்ள ஊட்டாளுங்க முன்னால என் மானமே போச்சு."

அப்போதுதான் சொன்னேன். "அந்த முதல் ஷிப்டை நான் கொடுத்திருக்கலாம். ரெண்டு பேரு மாத்திக்கத் தயாராத்தான் இருந்தாங்க. வேணும்னுதான் கொடுக்கல."

"தெரியும் சார்" என்றார் நண்பர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த அம்மா தரையைப் பார்க்கவில்லை. "அதுக்கு உங்களை நான் திட்டாத நாள் இல்ல. இப்பவும் திட்டுவேன்." வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். "சாப்புடுங்க. வர்ற ஆவணியில இவரு அக்கா ஊட்டுல கல்யாணம், பொன்னேரியில. முகூர்த்தம் ஆறு மணிக்கே. மொத நாளே வந்து இங்கயே படுத்துக்கங்க."