கணக்கப்பிள்ளை விழுந்த நாள்

ஷாமிளா எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு வந்தது 2007இல். அப்போது கலவானைப் பக்கமெல்லாம் சுற்றிக் கொழுந்து ஏற்றிவர எங்களிடம் நான்கு லொறிகள் இருந்தன. நான் அங்கே தராசுக்காரன். அவள் தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், வளர்ந்த பிள்ளை. அம்மா மருதாயி ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். மகள் கொழும்பில் கம்பியூட்டர் படித்திருந்தாள். வாய் ஓயாது.

வந்ததும் கம்பியூட்டருக்குள் ஒவ்வொரு லொறிக்கும் ஒரு ஆளை உண்டாக்கினாள். ஆள் என்றால் புரோகிராம்தான். டிரைவர் போனில் அனுப்பும் மெசேஜைப் படித்து, எந்தப் பாதை, எவ்வளவு கொழுந்து என்று அதுவே முடிவு பண்ணும். ஏதாவது பிசகினால் மேலே உள்ள ஐந்தாவது ஆளிடம் சொல்லும். அது மற்றவர்களுக்கு உத்தரவு போடும். அந்த ஐந்தாவது ஆளுக்குக் கணக்கப்பிள்ளை என்று பேர் வைத்தாள். எங்களுக்கு ஒரே சிரிப்பு. தோட்டத்திலும் அதுதானே முறை. கங்காணியிடம் சொன்னால் அவர் கணக்கப்பிள்ளையிடம் சொல்வார், கணக்கப்பிள்ளை துரையிடம் சொல்வார். தாண்டிப் பேசினால் தொலைந்தோம்.

பாலம் மூழ்கினாலும் டயர் வெடித்தாலும் வேறு லொறி போய் ஏற்றிவந்தது. ஹுஸைன் முதலாளி டவுன் முழுக்கப் பெருமையடித்தார்.

அப்புறம் ஒரு மழை நாளில், எடையை அனுப்ப வேண்டிய இடத்தில் ஒரு டிரைவர் 'ரோட்டில் மாடு படுத்திருக்கு' என்று அனுப்பித் தொலைத்தான். எண் வரும் என்று பார்த்த கணக்கப்பிள்ளைக்கு மாடு விளங்கவில்லை. அப்படியே விழுந்துவிட்டது. லொறி ஆட்கள் நான்கும் உத்தரவு வரட்டும் என்று கைகட்டி நின்றன. டிரைவர்கள் கடையோரம் பிளேன்டீ குடித்தார்கள். கொழுந்து சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்து வீணாய்ப் போனது.

முதலாளி கொதித்தார். சனிக்கிழமை நானே வந்து பார்ப்பேன், அன்றைக்கும் கோளாறானால் வீட்டுக்குப் போய்விடு என்றார். வீட்டில் அவளுக்குக் காத்திருந்தது அம்மாவின் பால் கத்திதான்.

அழுதுகொண்டிருப்பாள் என்று போய்ப் பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

"கணக்கப்பிள்ளையும் விழுவாருன்னு எனக்குத் தோணவே இல்லண்ணே. லயத்துல வளந்த புத்தி. மேல உள்ளவருக்கு ஒன்னும் ஆகாதுன்னே எழுதிட்டேன்."

பிறகு மாற்றி எழுதினாள். விளங்காத மெசேஜை ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். 'நான் இருக்கிறேன்' என்று கணக்கப்பிள்ளை அடிக்கடி குரல் கொடுக்க வேண்டும். குரல் நின்றால், லொறி ஆட்கள் தங்களுக்குள் பேசி வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

சனிக்கிழமை லொறிகள் ரோட்டில் இருக்கும்போது முதலாளி வந்து, யாரிடமும் சொல்லாமல், கணக்கப்பிள்ளை ஓடிய கம்பியூட்டரை அணைத்துவிட்டார். மனுஷன் அப்படித்தான். லொறி ஆட்கள் ஓடிய பக்கத்துக் கம்பியூட்டரின் திரையில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு யார் எங்கே போவது என்று முதல் லொறி கேட்டது, மூன்றாவது பதில் சொன்னது, நான்காவது பொத்துப்பிட்டிய பக்கம் திரும்பியது. நாலும் வந்து சேர்ந்தன. முதலாளி சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். கொழுந்து குளிர்ந்திருந்தது.

"அப்ப புள்ள, நான் இல்லாட்டியும் இதெல்லாம் ஓடுமா?"

ஐயோ, இல்லங்க என்றுதான் எங்கள் வாயில் வந்திருக்கும். எங்கள் அப்பன் பாட்டன் எல்லாம் அப்படிச் சொல்லித்தான் பிழைத்தார்கள்.

"ஓடும் முதலாளி," என்றாள் ஷாமிளா.

அவர் கையில் ஒட்டியிருந்த கொழுந்தைச் சாக்குக்குள் தட்டிவிட்டார்.

"திங்கக்கெழம வெள்ளனயே வந்துரு," என்றார்.