வெடியின் பூட்டு

சிமெண்ட் ஆலை ஃபிட்டரை எல்லாரும் வெடி என்றுதான் கூப்பிடுவார்கள். பற்றவைக்கத் திரிகூட வேண்டாம். வீட்டில் அடைத்துப்போன கேஸ் அடுப்புத் துவாரத்தை ஊக்கால் குத்திய மனைவியோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாத மனிதர் அவர்.

எல்லாம் பார்க்கிற வேலை படுத்தும் பாடு. சூளையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் புகை அப்படியே போனால் தூசு பிடிக்கும் துணிப்பைகள் பொசுங்கிவிடும். அதனால் அதை உயரமான ஒரு கோபுரத்துக்குள் இறக்கி, நாசில்கள் என்கிற நுண்துவாரக் குழாய்முனைகள் வழியாகத் தண்ணீரைப் பனிபோலத் தூவுவார்கள். அது அந்தரத்திலேயே ஆவியாகிச் சூட்டைக் குடித்துவிடும். நாசில் அடைத்தால் வினிகரில் ஊறவைத்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். கம்பியால் குடைந்தால் துவாரம் அகன்று, தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். ஆவியாகாத சொட்டு தூசோடு சேர்ந்து, சேறாகிச் சுவரில் அப்பிக்கொள்ளும்.

அன்று காலை கோபுரத்தின் அடிக்கதவைத் திறந்து டார்ச் அடித்தவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேலே பாறை பாறையாகச் சேறு தொங்கிக்கொண்டிருந்தது. நாசில்களைக் கழற்றினால் துவாரமெல்லாம் கம்பிக் கீறல். கடைசியாகச் சுத்தம் செய்தது அவருடைய மருமகன். இவரே சிபாரிசு செய்து வேலைக்குச் சேர்த்தவர்.

"அறிவிருக்கா மாப்பிள்ளை உங்களுக்கு? சோறுதானே திங்கிறீங்க?" ஆத்திரத்திலும் மரியாதை மட்டும் குறையவில்லை.

"ஊறவைக்க எங்க மாமா விட்டாங்க? ஒரு மணி நேரத்துல மாட்டியாகணும்னு மேனேஜர் தலைமேல நின்னாரு."

அந்த மேனேஜரே வந்து சேர்ந்தார். எட்டிப் பார்த்தார்.

"செஞ்சவரே உள்ள போய் இடிச்சுத் தள்ளட்டும். சூளையை நிறுத்த முடியாது. புகையை வேற வழியில திருப்பிக்கலாம்."

மருமகன் கடப்பாறையை எடுத்தார். ஃபிட்டர் மேலே தொங்கும் சேற்றுப் பாறைகளை அண்ணாந்து பார்த்தார். அவசரப்படுத்தியவன் வெளியே நிற்பான், அவசரப்பட்டவன் அந்தச் சேற்றுக்கடியில் நிற்க வேண்டுமா? மகளுக்கு யார் போய்ச் சொல்வது?

கதவை அறைந்து சாத்தித் தன் பூட்டைப் போட்டார். ஆலையின் பாதுகாப்பு விதிப்படி அங்கே ஆளுக்கொரு பூட்டு. போட்டவர்தான் திறக்க வேண்டும்.

"சாவியைக் குடுங்க," என்றார் மேனேஜர்.

"சூளை அணையட்டும் சார். சூடு ஆறினதும் மேலேருந்து தள்ளிவிடுறோம். அதுவரைக்கும் ஒருத்தனும் உள்ள போகமாட்டான்."

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும்."

கதவில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் அவரை வெறித்துப் பார்த்தார். பிறகு கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் செய்தார். சூளையின் இரைச்சல் மெல்ல அடங்கியது.

"மாமா..." என்று கண்கலங்கி வந்தார் மருமகன்.

"கிட்ட வராதீங்க. உங்களுக்கு வீட்டுல இருக்கு."