மூன்றாவது நிமிடத்து வளையல்

முதலில் ஃபேனை நிறுத்துவார். பிறகு ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். ஜன்னல் இரண்டையும் சாத்தி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போய் அடுக்களையில் அரிசி மூட்டைமேல் கவிழ்த்துவிட்டு வருவார். கூடத்தின் நடுவே சாக்பீஸால் குறித்த நாலு புள்ளிகள் இருக்கின்றன. நாற்காலியின் நாலு கால்களும் அவற்றின்மேல் நின்றாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. வெயில் மொட்டைமாடியைப் போட்டு வறுத்துக்கொண்டிருக்கும். அழகியமணவாளனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? நெற்றி வேர்வை கண்ணுக்குள் இறங்கினாலும் துடைக்கமாட்டார். துண்டு உரசுகிற சத்தம் பாட்டுக்குள் புகுந்துவிடுமாம்.

கோயில் மணிக்கு மட்டும் விலக்கு உண்டு. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், வைத்தியநாத சுவாமி கோயிலுக்கு அடுத்த தெருவில். மணி அடித்தால் பாட்டை நிறுத்தி, அது ஓயும்வரை கைகட்டி உட்கார்ந்திருப்பார். குக்கர் விசிலுக்கு அந்த மரியாதை கிடையாது. அந்த ஒரு மணி நேரம் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்று கல்யாணமான புதிதில் போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. அதனால் ஞாயிறு காலை அந்த வீட்டில் பழையதும் துவையலும்தான். "இவிய பாட்டுக் கேக்குற அன்னைக்கு என் அடுப்புக்கும் லீவு" என்று மனைவி காஞ்சனா சொல்லிக்கொள்வார். வருத்தமாகச் சொல்வதாகத் தெரியவில்லை.

மற்ற ஆறு நாளும் அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். நூல் நூற்கிற ரிங் பிரேம் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையைப் பேரிங் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கண்ணை மூடுவார். சங்கதி சரியில்லை என்றால் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்தப் பேரிங் மேல் ஒரு வட்டம் போடுவார். அவர் வட்டம் போட்டதை மறு பேச்சில்லாமல் கழற்றுவார்கள். கம்பெனி வாங்கிக் கொடுத்த அதிர்வு மீட்டர் ஒன்று பீரோவுக்குள் புத்தம் புதிதாகத் தூங்குகிறது.

அந்த இரைச்சலுக்குள் போகும்போது காதில் வைத்துக்கொள்ள ஆரஞ்சு நிற இயர் பிளக் கொடுப்பார்கள். வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு வாங்கி, டூல் பெட்டியின் அடித்தட்டில் போட்டுவிடுவார். யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "அதை வச்சு அடைச்சிக்கிட்டா பேரிங் பேசுறது எப்பிடிலே கேக்கும்? வைத்தியன் கையில உறையை மாட்டிக்கிட்டு நாடி பாப்பானா?"

பேரிங்கைக் கேட்ட அதே காதுதான் பாட்டையும் கேட்கிறது. ஆம்ப்ளிஃபயரின் நாலு காலுக்கும் அடியில் மில்லில் கழித்துப்போட்ட நாலு மர பாபின்கள். ஸ்பீக்கர் நிற்கிற இரும்பு ஸ்டாண்டு அவரே வெல்டிங் அடித்தது. உள்ளே ஆற்று மணல். பாஸ், ட்ரெபிள் என்று திருகு வைத்த எதையும் வீட்டுக்குள் சேர்க்கமாட்டார். பாடினவர் பாடியபடி வர வேண்டும், இடையில் நாம் யார் கை வைக்க என்பது அவருடைய கட்சி. ஈக்வலைசர் என்று சொன்னாலே முகம் சுளித்து, "அது ஷேர் ஆட்டோவுக்கு உள்ளது" என்பார். ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் இலை போட்ட பிறகும் எழுந்துபோய், மைக்செட்காரரிடம் பாஸைக் குறைக்கச் சொல்லி வாதாடி, ரசத்துக்குத்தான் திரும்பி வந்தார்.

எந்தக் கருவி வந்தாலும் அவர் போட்டுப் பார்ப்பது ஒரே பதிவைத்தான். இருபத்தேழு வருஷத்துக்கு முந்தைய கேசட். வன்னியம்பட்டியில் மாமனார் வீட்டில் காஞ்சனாவுக்கு வளைகாப்பு. வந்த பெண்கள் எல்லாம் பாடிவிட்டு, கடைசியில் காஞ்சனாவையே பாடச் சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு கையிலும் கை நிறையக் கண்ணாடி வளையல். தொடையில் தாளம் போட்டுப் பாடுகிறார். மூன்றாவது நிமிடத்தில் ஒரு வரி மறந்துபோய், சிரித்துக்கொண்டே கையை மேலே தூக்குகிறார். அத்தனை வளையலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குச் சரிகின்றன. அப்போது வயிற்றில் இருந்த மகள் கமலினி இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். அந்த வளையல்கள் ஒன்றுவிடாமல் உடைந்துபோயின. கேசட்டிலிருந்து மாற்றிய சத்தம் மட்டும் பென் டிரைவில் இருக்கிறது. அது எண்ணெய் விட்டமாதிரி சரிந்து விழுந்தால் கருவி நல்ல கருவி. அவ்வளவுதான் பரீட்சை.

போன மாசியில் அந்த வளையல் சத்தம் மங்கியது. பங்குனியில் காணாமலே போனது. பாட்டு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, வளையல் இல்லை. பழி உடனே ஸ்ட்ரீமர்மேல் விழுந்தது. பென் டிரைவிலும் இணையத்திலும் இருக்கிற பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு ஊட்டுகிற சின்னப் பெட்டி அது. ஐந்து வருஷம் உழைத்தாயிற்று. "டப்பாவுக்கு வயசாயிருச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, புதிது தேட ஆரம்பித்தார். மலிவானது ஆகாது, லட்சத்துக்குப் போகவும் வழியில்லை. நடுத்தர விலையில் எது நல்லது என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யூடியூப். மூன்று மாதத்தில் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கே பாதிப் பாடம் மனப்பாடமாகிவிட்டது.

ராஜபாளையத்தில் ஆடியோ கடை வைத்திருக்கும் பாண்டிதுரைக்கு அவரிடம் ஒரு பிரியம். இரண்டு பெட்டிகளைக் கையில் கொடுத்து, "வீட்டுல வச்சு ஒரு வாரம் கேளுங்க அண்ணாச்சி, பொறவு சொல்லுங்க" என்று அனுப்பினார். ஒன்று நாற்பத்தெட்டாயிரம். திருகு கிடையாது, திரை கிடையாது, வெறும் கறுப்புப் பெட்டி. சுத்தமோ சுத்தம். இன்னொன்று முப்பத்தாறாயிரம். முகத்தில் திரை, உள்ளே அவருக்கு ஆகாத ஈக்வலைசர். இதை எதற்குக் கொடுத்தான் என்று வழிநெடுக முணுமுணுத்தபடியே இரண்டையும் மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தார்.

ஞாயிறு. ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, கடிகாரம் அரிசி மூட்டைக்குப் போனது. கறுப்புப் பெட்டியில் போட்டார். பாட்டு, சிரிப்பு, வளையல் இல்லை. திரைப் பெட்டியில் போட்டார். அங்கேயும் இல்லை. ஒயரை மாற்றினார், பென் டிரைவை ஊதிப் போட்டார், ஸ்பீக்கர் முன்னால் போய் மண்டியிட்டுக் காதை ஒட்டவைத்தார். ஆறாவது தடவை ஓடும்போது, கதவோரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த காஞ்சனா சொன்னார்: "மூணு டப்பாலயும் வளையல் நல்லாத்தான கேக்கு. என்னத்தத் தேடுதிய?"

அவர் நம்பவில்லை. ஃபிட்டர் அல்லவா, சோதித்துத்தான் பார்ப்பார். காஞ்சனாவைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, வளையல் கேட்டால் விரலைத் தூக்கு என்றார். போட்டார். விரல் மடியிலேயே கிடந்தது, சரியாகச் சிரிப்பு முடிகிற இடத்தில் உயர்ந்தது. பெட்டியை மாற்றினார். அதே இடத்தில் உயர்ந்தது. மறுபடி, மறுபடி. ஏழு தடவையும் தப்பவில்லை. அவருக்கு அந்த இடத்தில் சிரிப்புக்குப் பிறகு வெறும் அமைதிதான் இருந்தது.

அழகியமணவாளனுக்குப் பயம் வந்தது. சித்திரையில், நல்லா இருக்கு என்று அவர் சொன்ன ஒரு பேரிங் மூன்றே நாளில் இறுகிப்போய் மிஷினையே நிறுத்தியது. கிரீஸ் சரியில்லை என்று அன்றைக்குச் சத்தம் போட்டார். இப்போது யார்மேல் சத்தம் போட? அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காஞ்சனா எழுந்து வந்து ஃபேன் சுவிட்சைப் போட்டார். அந்த வீட்டில் ஞாயிறு காலை பதினொன்றுக்கு முன்னால் ஃபேன் சுற்றியது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் லீவு போட்டு, ராஜபாளையத்தில் காது பரிசோதனை செய்யும் சிவரஞ்சனியிடம் இருவரும் போனார்கள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டியதும் இவர் கேட்ட முதல் கேள்வி, இது என்ன கம்பெனி என்பது. அந்தப் பெண் சிரித்துவிட்டார். பிறகு காகிதத்தில் ஒரு கோடு வந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு, கீச்சென்ற சன்னமான சத்தங்கள் இருக்கிற பக்கம் வந்ததும் கிணற்றில் இறங்கிய மாதிரி இறங்கி, பாதி ஏறி நின்றது. மில்லில் இருக்கிற பலருக்கு இதே கிணறுதான் என்றார் சிவரஞ்சனி. போனது திரும்பாது. ஆனால் மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, காத்துக்கொண்டால் நிற்கும்.

இயர் பிளக் போடுவீர்களா என்ற கேள்விக்கு அவர் வழக்கமான பதிலைச் சொன்னார். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. சிவரஞ்சனி வாக்குவாதம் செய்யவில்லை. அவரது இரண்டு காதையும் பஞ்சால் அடைத்துவிட்டு, ஒரு இசைக்கவையைத் தட்டி, அதன் அடிக்காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பின்மேல் வைத்தார். அவர் முகம் மாறியது.

பஞ்சை எடுத்த பிறகு சிவரஞ்சனி சொன்னார்: "எலும்பு வழியாவும் கேக்கும் சார். வெளிச் சத்தத்தை அடைச்சுட்டா இன்னும் தெளிவாக் கேக்கும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் யூடியூப் பார்க்கவில்லை. அந்தக் காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்போது தலைகீழாகத் திருப்பிப் பிடித்திருந்தார். கிணறு இப்போது குன்றாகத் தெரிந்தது. அன்றே பாண்டிதுரைக்கு போன் செய்து, திரை வைத்த பெட்டியை நான் வைத்துக்கொள்கிறேன் என்றார். பாண்டிதுரைக்கு விளங்கவில்லை. ஈக்வலைசர் உள்ளதையா அண்ணாச்சி என்று இரண்டு தடவை கேட்டார். ஆமாம்லே, காதுக்கு ஏத்த பெட்டி வேணும்லா என்று இவர் வைத்துவிட்டார்.

சத்தத்தைப் பத்துப் பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் தனியாகக் கூட்டவும் குறைக்கவும் அதில் வழி உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து, அந்தக் குன்றை அப்படியே போனில் வரைந்தார்கள். மொத்தச் சத்தத்தைக் குறைத்தே வைக்கச் சொல்லியிருந்தார் சிவரஞ்சனி, அப்படியே வைத்தார்கள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இவர் ஏற்ற, காஞ்சனா காதைப் பொத்திக்கொண்டார். "எனக்குப் பல்லுக் கூசுதுங்க." அதனால் அந்தப் பெட்டிக்குள் இப்போது இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்றுக்குப் பெயர் 'அவிய', இன்னொன்றுக்குக் 'காஞ்சனா'. பாடினவர் பாடியபடிதான் வர வேண்டும் என்ற கட்சி என்னவாயிற்று என்று அவரைக் கேட்டுப் பார்த்தால், பாடினவளே பக்கத்தில் உட்கார்ந்து வைத்துக்கொடுத்தது என்கிறார். அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

மூன்றாவது நிமிடம் வந்தது. வரி மறந்தது, சிரிப்பு வந்தது. பிறகு தூரத்தில், பழைய அளவுக்கு இல்லை, பாதிதான், ஆனால் சந்தேகமில்லாமல், வளையல்கள் சரிந்தன. அவர் மனைவியின் கையைப் பிடித்து, இப்போது இருக்கிற இரண்டு தங்க வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டார். எனக்கு வெட்கமாயிருக்கு, விடுங்க என்று காஞ்சனா கையை இழுத்துக்கொண்டார். தலைக்கு மேலே ஃபேன் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். ரிங் பிரேம் இருக்கிற பகுதியின் கதவுக்கு வெளியே நின்று டூல் பெட்டியைத் திறந்தார். அடித்தட்டில் வருஷக்கணக்காகக் கிடந்த பாக்கெட்டுகளில் புதியதாக ஒன்றை எடுத்துப் பல்லால் கிழித்தார். இயர் பிளக் இரண்டையும் விளக்குத் திரி திரிக்கிற மாதிரி உருட்டி, ஒவ்வொரு காதிலும் வைத்து, விரிந்து அடைக்கும்வரை விரலால் பிடித்துக்கொண்டார். உள்ளே போனார். ஏழாவது மிஷினில் ஸ்க்ரூ டிரைவர் முனையை ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினார். அடுத்த பேரிங், அதற்கடுத்தது. நாலாவதில் நெடுநேரம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அதன்மேல் ஒரு வட்டம் போட்டார்.